நெல் ஆலைக்குள் தறி போடலாமா? வாசகர் கேள்வி – பதில்

மூடிக்கிடக்கும் ஆலைகளைப் பாரம்பரியக் கைப்பணி பழக்கும் நிலையமாக்குவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்திருக்கிறோம். கட்டடம், நெசவு, சாயம், பதிவு என்று அந்தந்தத் துறையில் வேலை செய்பவர்களே பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் நெல் ஆலை பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. 100 அடி நீளம், 40 அடி அகலம். அஸ்பெஸ்டஸ் கூரை. பக்கத்தில் நெல் அவிக்கும் தொட்டி, புகைபோக்கி, காயவிடும் சீமெந்துக் களம் எல்லாம் உண்டு. கைத்தறி, பன்பாய் (பன் புல்லில் இழைக்கும் பாய்), மரவேலை மூன்றும் பழக்க நினைக்கிறோம். வரைபடம் கீறக் கொடுக்க முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் காகிதம். காணி உறுதியா, அரச அனுமதிப்பத்திரமா, குத்தகையா என்று பிரதேச செயலகத்தில் தெளிவுபடுத்துங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால் எந்தப் பாவனைக்குக் கொடுத்தார்கள் என்பது அதிலேயே எழுதியிருக்கும். சோலைவரி (சொத்து வரி) நிலுவை, மின்கட்டண நிலுவை, வங்கி ஈடு ஆகிய மூன்றும் பழைய ஆலைகளில் வழக்கமாக ஒளிந்திருக்கும். ஆலையைப் பயிற்சி நிலையமாக்குவது பாவனை மாற்றம் என்பதால் பிரதேச சபையின் அனுமதி வேண்டும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். எழுவான்கரையில் பல ஆலைகள் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில்தான் நிற்கின்றன. ஆகவே இதை அளந்தே பாருங்கள், கண் மட்டத்தில் விடாதீர்கள்.

அடுத்து, கட்டடத்தை மாரியில் ஒருதரம் பாருங்கள். ஆவணி வெயிலில் எந்த ஆலையும் நல்லாயிருக்கும். கார்த்திகை, மார்கழியில் அடைமழை பெய்யும்போது உள்ளே போய், ஒழுகும் இடம், சுவர் ஈரம் ஏறிய உயரம், நிலத்தில் தண்ணீர் ஊறும் இடம் மூன்றையும் வெண்கட்டியால் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். அந்தக் குறிப்புகள்தான் உங்கள் உண்மையான வரைபடம்.

தூண், வளைகளை (குறுக்கு விட்டங்களை) சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருவேறி ஊதி, கொங்கிறீட்டைத் தள்ளிவிட்டது. சந்தேகமான இடத்தில் ஒரு துண்டை உடைத்து, புதிதாக உடைந்த முகத்தில் பினோல்ப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். கருஞ்சிவப்பாக மாறினால் கொங்கிறீட்டில் காரம் இன்னும் இருக்கிறது. நிறமே வராத ஆழம் கம்பி வரைக்கும் போய்விட்டது என்றால் கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. கடற்கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கருஞ்சிவப்பு வந்தாலும் உப்பு ஏறிக் கம்பி துருப்பிடிக்கலாம். அப்படிப்பட்ட வளைக்கு மேலால் சாந்து பூசுவது காசைக் கரைப்பது. கம்பிக்குப் பின்னால் 20 முதல் 25 மில்லிமீற்றர் வரை கொத்தி, துருவை முழுக்கச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, அதன் பிறகே திருத்தச் சாந்து வைக்க வேண்டும். கம்பியின் தடிப்பில் நாலில் ஒரு பங்கு போயிருந்தால் மேசனிடம் கேட்காதீர்கள், பொறியியலாளரிடம் கேளுங்கள்.

கேள்வி (ஆரையம்பதி): கூரையில் பழைய அஸ்பெஸ்டஸ். கழற்றிவிட்டுத் தகரம் போடச் சொல்கிறார் ஒருவர், கழுவிப் பெயின்ற் அடித்தால் போதும் என்கிறார் மற்றவர். எது சரி?

பதில்: சீற் வெடிக்காமல், நுனி உதிராமல் இருந்தால் தொடாமல் விடுவதே பாதுகாப்பு. ஆபத்து சீற்றில் இல்லை, அதை உடைக்கும்போதும் துளைக்கும்போதும் வாளால் அறுக்கும்போதும் கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத நாரில் இருக்கிறது. பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், அழுத்த நீர் பீச்சிக் கழுவுவதும் மிக மோசம். கழுவிய நார் அப்படியே களத்தில் இறங்கிக் காய்ந்து, மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்றில் எழும்பி உள்ளே வரும்.

உங்கள் கடிதத்தில் "பல இடத்தில் வெடிப்பு" என்று இருக்கிறது. அப்படியானால் கழற்ற வேண்டியதுதான். பழைய சீற்றில் மனிதன் ஏறக்கூடாது. அது சொல்லாமல் உடையும், விழுந்தால் கீழே சீமெந்துத் தரை. உள்ளே சாரம் கட்டிக் கீழிருந்தே வேலை செய்யுங்கள். மேலே போக நேர்ந்தால் குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை போட்டு, இடுப்பில் பட்டியும் கயிறும் கட்டி ஏறுங்கள். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்பில் தண்ணீரோடு கொஞ்சம் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்து சீற்றை நனையுங்கள். கொளுக்கிப் போல்ற்றை வெட்டி எடுங்கள், சீற்றை நெம்பாதீர்கள். இரண்டு பேர் பிடித்துக் கையால் இறக்கி, 0.2 மில்லிமீற்றர் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, மேலே எழுதி வையுங்கள். துணியால் முகத்தைக் கட்டுவது பலன் தராது. நுண்தூசியை வடிகட்டும் எப்.எப்.பி. 3 தரமுள்ள முகமூடி வேண்டும், தாடிக்கு மேலால் அது ஒட்டாது. நிலத்தை ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாறு வேண்டாம். எங்கே ஒப்படைப்பது என்பதைக் கழற்ற முன்னரே பிரதேச சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் எழுத்தில் வாங்குங்கள். கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் கேட்டு அயலவர் வருவார்கள். கொடுக்காதீர்கள்.

புதுத் தகரத்துக்கு மூன்று விடயம். ஒன்று, 1978 நவம்பர் 23 சூறாவளியை நினைத்துத் திருகாணி போடுங்கள். கூரை முதலில் கழன்று போவது இறவாரத்திலும் முகட்டிலும்தான், அந்த இரண்டு வரிசையிலும் ஒவ்வொரு முகட்டு மடிப்புக்கும் ஒரு ஆணி, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. இரண்டு, கடற்காற்றில் சாதாரண நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணி தகரத்துக்கு முன்னமே துருவேறும். கறைபடா உருக்கு ஆணியும் நல்ல இறப்பர் வளையமும் கேட்டு வாங்குங்கள். மூன்று, தகரத்துக்கு அடியில் 50 மில்லிமீற்றர் கண்ணாடிக் கம்பளியோ வேறு வெப்பத்தடுப்போ இல்லாமல் வகுப்பு வைக்க முடியாது. மத்தியானம் வெக்கை, மழை பெய்தால் ஆசிரியர் பேசுவது கேட்காது.

வெளிச்சத்துக்கு ஒளி ஊடுருவும் சீற் போட்டால் வடக்குச் சரிவில் மட்டும், கூரைப் பரப்பின் 5 முதல் 8 வீதத்துக்குள். தெற்கில் போட்டால் வருடத்தில் கூடிய காலம் வெயில் நேரே பாவில் (தறியில் நீளவாட்டில் கட்டிய நூலில்) விழுந்து சாயம் வெளிறும்.

கேள்வி (ஏறாவூர்): சுவரில் வெள்ளைத் தூள் பூக்கிறது. இரண்டு தரம் சீமெந்துப் பூச்சுப் பூசியும் ஒரு மாரி தாண்டவில்லை. நல்ல பெயின்ற் எது?

பதில்: பெயின்ற்றில் தீர்வு இல்லை. நிலத்து நீர் சுவரில் ஏறி, உப்பைக் கொண்டுவந்து, வெளியே ஆவியாகும்போது உப்பைப் பூச்சுக்குள் படிகமாக விட்டுப் போகிறது. படிகம் பருத்துப் பூச்சைத் தள்ளுகிறது. இறுக்கமான சீமெந்துப் பூச்சு ஆவியை மறிப்பதால் ஈரம் இன்னும் மேலே ஏறும். முதல் பூச்சு 3 அடியில் கொட்டினால் இரண்டாவது 4 அடியில் கொட்டுவது இதனால்தான்.

நெல் ஆலைகளில் இதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. காயவிடும் சீமெந்துக் களம் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். மழைத் தண்ணீர் களத்தில் ஓடிச் சுவரடியில் இறங்கும், களத்துக்கு அடியில் உள்ள ஈரத்துக்கும் சுவரை விட்டால் வெளியேற வழியில்லை. ஆகவே பூச்சுக்கு முன், சுவர் நீளத்துக்குக் களத்தை 18 அங்குல அகலத்தில் வெட்டி எடுத்து, அந்த இடத்தைச் சல்லியால் நிரப்பி, ஒரு பக்கம் சாய்த்து வடிகாலில் விடுங்கள். பல சுவர்கள் இந்த ஒரு வேலையிலேயே பாதி குணமாகும்.

பிறகு ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை சீமெந்துப் பூச்சை உரித்து, கல் இடுக்குகளை ஒரு அங்குலம் சுரண்டி, வைகாசி முதல் ஆவணி வரை கச்சானில் காயவிடுங்கள். வெளியே வரும் உப்பைக் காய்ந்த தூரிகையால் துடைத்து அள்ளி அப்புறப்படுத்துங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள் போகும். அதன்மேல் சுண்ணாம்பு 1, கழுவிய ஆற்று மணல் 3 என்ற அளவில் பூசுங்கள். ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். ஒரு கிழமை ஈரச் சாக்கு மூடி வையுங்கள். மணலை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும், இமல்ஷன் வேண்டாம். இந்தப் பூச்சும் ஒருநாள் உப்பு வாங்கி உதிரும். உதிர்வதற்கென்றே பூசுவது அது, சுவர்க் கல் தப்பினால் போதும்.

கேள்வி (மருதமுனை): ஆலைக்குள் நெல்லை மேலே தூக்கும் எலவேட்டரின் குழிகள் நாலு இருக்கின்றன. அவற்றையே குழித்தறிக்குப் பாவிக்கலாமா?

பதில்: நல்ல யோசனை போலத் தெரியும், ஆனால் பொருந்தாது. எலவேட்டர் குழி 5, 6 அடி ஆழம். குழித்தறிக்கு நெசவாளரின் கால் மிதிக்கு வேண்டியது இரண்டரை அடிக்குள்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்கில் தவிடும் தண்ணீரும் அழுகிக் கிடந்த குழிக்குள் சும்மா இறங்காதீர்கள். அழுகல் ஒட்சிசனைத் தின்றுவிட்டு நச்சு வாயுவை விட்டிருக்கும். மெழுகுதிரியை இறக்கிப் பார்க்கும் பழைய முறையை நம்ப முடியாது. தண்ணீரைப் பம்பால் இறைத்து, அடிவரைக்கும் குழாய் விட்டு ஒரு மணித்தியாலமாவது காற்று ஊதி, இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நின்று செய்ய வேண்டிய வேலை. உள்ளே ஒருவர் விழுந்தால் காப்பாற்றப் பின்னால் குதிப்பவரும் விழுவார்.

குழியை மூட: அடித்தளத்தில் ஒரு அடி அகலத் துவாரம் உடையுங்கள், இல்லாவிட்டால் குழி ஒரு தொட்டியாகவே நிலத்துக்குள் கிடக்கும். ஈரக் கிரவலை 6 அங்குலத்துக்கு ஒரு படையாகப் போட்டு இடியுங்கள். மேலே கம்பிவலையோடு 5 அங்குலக் கொங்கிறீட். உமிச்சாம்பல், உடைந்த செங்கல், தோட்டத்து மண் இவற்றால் நிரப்பினால் அடுத்த வருடம் தறியின் ஒரு கால் இறங்கும். தறி அரை அங்குலம் சாய்ந்தாலே குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் ஓடம் ஒரு பக்கம் பாய்ந்து விழும், துணி ஓரம் இழுக்கும்.

டீசல் ஊறிய தரையில் புதுச் சாந்து ஒட்டாது. கறுத்த இடங்களை ஒரு அங்குலமாவது கொத்தி எடுங்கள்.

குழித்தறிக்குப் புதிதாகக் குழி வெட்டுவதா? நம் மணல் நிலத்தில் மாரியில் நிலநீர் ஒன்று, இரண்டு அடிக்கு வந்துவிடும். வெளி அளவு 5 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி ஆழமுள்ள ஒரு கொங்கிறீட் பெட்டியை எடுத்துக்கொள்வோம். நிலநீர் அதன் வாய்வரை ஏறினால் மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 1,060 கிலோ. சுவரும் அடியும் 4 அங்குலமென்றால் பெட்டியின் எடையும் அதே 1,060 கிலோதான். ஆக, பெட்டி மிதப்பதா கிடப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும். செங்கல்லால் கட்டினால் எடை இன்னும் குறைவு, மிதந்தே விடும். வெட்டத்தான் வேண்டுமென்றால் அடித்தட்டைச் சுவருக்கு வெளியே சுற்றிவர 6 அங்குலம் நீட்டுங்கள், மேலே உள்ள மண்ணின் பாரம் அதைப் பிடித்து வைக்கும்.

இதைவிட இலகுவான வழி, தரையை வெட்டாமல் மேடையை உயர்த்துவது. 2 அடி உயர மேடை கட்டி, அதற்குள் குழியை விட்டுவிடுங்கள். வெள்ளமும் ஏறாது. இரண்டு குழித்தறி இப்படிப் போதும், மீதி எல்லாம் தரைமேல் மரச் சட்டத்தில் நிற்கும் சட்டத்தறியாக இருக்கட்டும்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி, அதே சங்கம்): 4,000 சதுர அடிக்குள் எத்தனை தறி போடலாம்?

பதில்: இருபத்தைந்து போடலாம். போடாதீர்கள். 48 அங்குல அகலத் துணி நெய்யும் சட்டத்தறி ஒன்றுக்கு, சுற்றிவர நடக்க 3 அடி விட்டால், 100 சதுர அடி வேண்டும். 12 தறிக்கு 1,200. பாவோட்ட 30 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள இடம். பன்பாய் இழைக்கத் தரையில் ஆளுக்கு 30 சதுர அடி, 15 பேருக்கு 450. நூல் களஞ்சியம், பன் அடுக்கும் பரண், அலுவலகம், வகுப்பறை, கழிவறை. மிச்ச இடம் தானாக நிறையும். ஒரு பயிற்றுநருக்கு 8 பேருக்கு மேல் விட்டால், அறுந்த நூலை முடிச்சுப் போடக் காத்திருப்பதிலேயே பிள்ளைகளின் நாள் போய்விடும்.

மரவேலையை அந்த மண்டபத்துக்குள் கொண்டுவர வேண்டாம். மரத்தூள் பாவில் படிந்தால் அதில் பூசிய கஞ்சியோடு ஒட்டி நூலை அறுக்கும். தூள் மிதக்கும் காற்றில் ஒரு தீப்பொறி போதும். அவியல் தொட்டி இருந்த கொட்டகையைத் தச்சுக்கு ஒதுக்குங்கள்.

நூல் கணக்கு ஒன்று, வரவுசெலவுத் திட்டம் எழுதுபவருக்காக. 48 அங்குலம், அங்குலத்துக்கு 50 இழை, ஆக 2,400 இழை. 50 மீற்றர் பாவு என்றால் மொத்தம் 1,20,000 மீற்றர் நூல். 2/40 (40ஆம் நம்பர் இழை இரண்டை முறுக்கிய) பருத்தி நூல் ஒரு கிலோவில் 33,870 மீற்றர் அளவில் இருக்கும். ஆக பாவுக்கு மட்டும் 3.5 கிலோ. பழகுநர் கையில் சேதம் அதிகம், 4 கிலோ எழுதுங்கள். குறுக்கே ஓடும் ஊடைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு.

மின்சாரத்தில் ஒரு குறிப்பு. உமி நீக்கும் இயந்திரம் போன பிறகு ஆலையின் பழைய பெரிய இணைப்பு தேவைப்படாது, ஆனால் அதற்கான மாதக் கட்டணம் தொடரும். கைத்தறிக்கு விளக்கும் விசிறியும், தச்சுக்கு 2, 3 குதிரைவலு இயந்திரம் இரண்டும்தான். 30 அம்பியர் மும்முனை இணைப்புக்குக் குறைக்கக் கேளுங்கள். பழைய வயரில் ஒரு முழம்கூட மிச்சம் வைக்காதீர்கள், எலி கடித்திருக்கும். 30 மில்லி அம்பியரில் விழும் கசிவுத்தடை ஆளி கட்டாயம். நிலத்தொடுப்பை (எர்த்) ஆவணியில் அளவிடுங்கள். மாரி மணலில் எல்லா நிலத்தொடுப்பும் தேறும், கச்சான் மணலில்தான் குட்டு வெளிப்படும். நெய்யும் இடத்தில் 500 லக்ஸ் வெளிச்சம், விழுதில் (இழைகளைத் தூக்கும் கண்ணிகளில்) நூல் கோக்கும் இடத்தில் 750. விளக்கு தலைக்கு நேர்மேலே இருந்தால் அறுந்த இழை தெரியாது. ஒரு பக்கமாகச் சரிந்து விழ வேண்டும்.

கேள்வி (அக்கரைப்பற்று): கச்சான் காலத்தில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. நூலில் பிழையா?

பதில்: பெரும்பாலும் காற்றில்தான் பிழை. பருத்தி ஈரத்தோடு இருக்கும்போது பலம் கூடும் நார். ஈரப்பதன் 65 முதல் 75 வீதம் இருந்தால் பாவு சொன்னபடி கேட்கும். 50க்குக் கீழே போனால் கஞ்சிப்படலம் வெடித்து, ஊடையை நெருக்கும் ஒவ்வொரு அச்சடிப்பிலும் உரிந்து, தறிக்கு அடியில் வெள்ளைத் தூளாகக் கிடக்கும். அந்தத் தூளைக் கண்டாலே காரணம் தெரிந்துவிடும். ஒரு ஈரப்பதமானி வாங்கிப் பாவு உயரத்தில் தொங்கவிடுங்கள். மேற்கு யன்னல்களைக் காலை 10 மணிக்கே சாத்தி, யன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, தறி வரிசைகளுக்கு இடையே தரையை நனையுங்கள். விசிறி நெசவாளர் மேல் படலாம், பாவின் குறுக்கே அடிக்கக்கூடாது. கஞ்சியில் அரிசி மாவின் எடைக்கு 2 வீதம் தேங்காய் எண்ணெய் சேர்த்தால் படலம் வளையும். குழித்தறியில் நெய்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்குக் காரணம், குழியிலிருந்து பாவுக்கு அடியால் வந்த ஈரம்தான்.

மாரியில் சிக்கல் தலைகீழ். கஞ்சி போட்ட பாவை ஒரு கிழமை சும்மா வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பன்னும் அப்படித்தான். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், காற்றுப் போகும் சட்டப் பரணில், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள்.

கேள்வி (காத்தான்குடி): சாயப் பட்டறையும் சேர்க்க விரும்புகிறோம். கழிவுநீருக்குக் குழி வெட்டினால் போதுமா?

பதில்: போதாது. மணல் நிலத்தில் குழி வெட்டினால் அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போட்ட குழாய். ஒரு கிலோ நூலுக்குக் கணக்குப் பாருங்கள். குளிர்முறைச் சாயத்துக்கு 20 லீற்றர் தண்ணீர், 20 கிராம் சாயம், ஒரு கிலோ உப்பு, 200 கிராம் சலவைச் சோடா. பிறகு குளிர்நீர், கொதி சவர்க்காரநீர், மீண்டும் குளிர்நீர் என்று அலச, மொத்தம் 100 லீற்றர் அளவில் போகும். நாளுக்கு 20 கிலோ என்றால் 2,000 லீற்றரும் 20 கிலோ உப்பும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு நிறத்தை அடியில் படியவைக்கலாம், உப்பு போகாது. வாவிக்கும் விட முடியாது, கிணற்றுப் பக்கமும் விட முடியாது. சாயத் தொழிலுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பற்றி மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் தொடங்க முன்னரே கேட்க வேண்டும்.

எங்கள் ஆலோசனை: சாயமிட்ட நூலை வாங்குங்கள். சாயம் பழக்க, கிழமைக்கு ஒருநாள், ஒரு கிலோ அளவில் மட்டும் செய்யுங்கள். அந்த 100 லீற்றரைச் சீமெந்துத் தட்டுத் தொட்டியில் ஆழம் குறைவாகப் பரப்பி விட்டு, கூரையின் கீழ் ஆவியாக விடலாம். கிணற்று நீர் கடினமென்றால் திட்டுத்திட்டாகச் சாயம் ஏறும். சேமித்த மழைநீரில் பழக்குவது நல்லது.

கேள்வி (வாழைச்சேனை): எங்கள் ஊரின் பெயரே கடதாசி ஆலையோடு சேர்ந்தது. கையால் கடதாசி செய்வதையும் ஒரு பயிற்சியாக வைக்கலாமா?

பதில்: தாராளமாக. வாழைச்சேனை ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு ஓடியது. ஆனால் வைக்கோலை மட்டும் வைத்துக் கைக்கடதாசி செய்தால் நார் குட்டை, தாள் மொறுமொறுப்பாக உடையும். உங்கள் தறிகளிலேயே மருந்து இருக்கிறது. ஒவ்வொரு பாவின் முடிவிலும் வெட்டி எறியும் பருத்தி நூல்முனையைச் சேருங்கள். பருத்தி 6 பங்கு, வைக்கோல் 4 பங்கு. நூலை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீளமாக விடாமல் வெட்டுங்கள், நீண்டால் அடிக்கும் இயந்திரத்தின் உருளையில் கயிறு திரிக்கும். வைக்கோலை அதன் எடையில் 15 முதல் 20 வீதம் சலவைச் சோடாவோடு இரண்டு, மூன்று மணித்தியாலம் அவித்து, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். காஸ்டிக் சோடா வேகமானது, ஆனால் பழகுநர் கைக்கும் கழிவுக்கும் அது வேண்டாம். சதுர மீற்றருக்கு 120 கிராம் தடிப்பில் ஏ4 தாள் ஒன்று 7.5 கிராம். ஒரு கிலோ நாரில் 130 தாள் வரும். அவித்த நீர் காரமானது, நடுநிலையாக்காமல் வெளியே விடாதீர்கள்.

கேள்வி (மண்டூர்): கூத்துக்குரிய மத்தளம், முடி (கிரீடம்), கரப்புடுப்பு (வட்டமாக விரியும் கூத்து உடுப்பு) செய்வதையும் பழக்கலாமா? செய்யத் தெரிந்த பெரியவரிடம் சான்றிதழ் ஒன்றும் இல்லை. அவரைப் பயிற்றுநராகப் போட விடுவார்களா?

பதில்: முதலில் பதிவு. தொழிற்பயிற்சி நடத்தும் நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி. அதன் பிறகுதான் பாடநெறிக்குத் தேசிய தொழிற் தகைமை அங்கீகாரம் கேட்கலாம். வேலை தெரிந்து சான்றிதழ் இல்லாதவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி இருக்கிறது. பெரியவர் பரீட்சை எழுதத் தேவையில்லை, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி, தன் வேலைகளைக் கோவையாக்கிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் கோவையைத் தயாரித்துக் கொடுக்கட்டும், அவரை அலுவலகங்களுக்கு அலையவிடாதீர்கள்.

தகைமைத் தரம் இன்னும் எழுதப்படாத கைப்பணிக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. அதற்காகக் கூத்து உடுப்பை விட்டுவிட வேண்டாம். நெசவையோ தச்சையோ பதிந்த பாடநெறியாக வைத்து, மத்தளமும் முடியும் பின்னேர வகுப்பாக ஓடட்டும். மத்தளக் குற்றியின் இரு முனையிலும் வெட்டியவுடனே மெழுகோ பெயின்ற்றோ பூசி நிழலில் வையுங்கள், முனை முந்திக் காய்ந்தால் நடுவரை வெடிக்கும். தோல் பதப்படுத்துவது பன், நூல் களஞ்சியங்களிலிருந்து தூரத்தில் இருக்க வேண்டும். வாசம் மட்டுமல்ல, பூச்சியும் எலியும் வரும்.

கேள்வி (செங்கலடி): புகைபோக்கியை இடிப்பதா, வைப்பதா?

பதில்: தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். நேராக நின்று, இரும்புக் கட்டுகள் துருவேறாமல் இருந்தால் வைக்கலாம். வாயை மூடி, மின்னல்தாங்கியைப் புதுப்பித்து, சுற்றி வேலி போடுங்கள். சாய்வும் நெடுக்கு வெடிப்பும் இருந்தால் அதன் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் பிள்ளைகளை விட முடியாது. அந்த நிலம் முழுக்க வீணாவதைவிட மேலிருந்து கல் கல்லாக இறக்குவது மலிவு. கல்லைத் தச்சுக் கொட்டகைச் சுவருக்குப் பாவிக்காதீர்கள், புகைக்கரியும் உப்பும் பூச்சுக்கு வெளியே வரும்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி, அதே சங்கம்): ஆடியில் வேலை தொடங்கித் தைப்பொங்கலுக்குத் திறக்கலாமா?

பதில்: கூரை கழற்றுவது ஆடியில் தொடங்கினால் புரட்டாசிக்குள் மூடிவிடலாம், ஐப்பசி மழைக்கு முன் அது முடிந்தே ஆக வேண்டும். ஆனால் சுவரை உரித்துக் காயவிடக் கச்சான் மாதங்கள் உங்களிடம் பாதிதான் மிச்சம். ஈரச் சுவரில் பூசி, மார்கழியில் தறி பூட்டினால் சட்ட மரம் ஈரம் குடித்துப் பருத்திருக்கும், சித்திரையில் மூட்டெல்லாம் கிறுகிறுவென்று ஆடும். மாரியில் கூரைக்கு அடியில் செய்யக்கூடியது குழி மூடுதல், வயர் போடுதல், பதிவுக் கடிதங்கள். பூச்சுக் காய்ந்து தரை உலர்ந்த பின் பங்குனியில் தறியைப் பூட்டி, ஒரு மாதம் பயிற்றுநர்களே ஒரு பாவை நெய்து முடிக்கட்டும். வருடப்பிறப்புக்குப் பிறகு பிள்ளைகளைச் சேருங்கள்.